கல்லுக்கு மேற்கே ஏழடி

சதக் அமீனா வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் எவனும் சந்தோஷ சேதி கொண்டு வருவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் ராமநாதபுரம் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். சம்மன் ஒட்டுவது, ஜப்தி செய்வது, தோற்றவனை வெளியேற்றி ஜெயித்தவனை உள்ளே விடுவது, இதுதான் வேலை. அந்த வேலை பார்த்தவனுக்கு மனுஷன் மேல் நம்பிக்கை மிஞ்சாது. அவருக்கும் மிஞ்சவில்லை. கோபமும் மிஞ்சவில்லை. எவன் எவ்வளவு பெரிய பொய் சொன்னாலும் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

ரிட்டயர் ஆகிப் பெரியபட்டினத்தில் உட்கார்ந்த பிறகும் சனம் விடவில்லை. வக்கீலிடம் போனால் வழக்கு வளரும், அமீனா பாயிடம் போனால் சங்கதி வெளியே வரும் என்று பேச்சு.

1994, பங்குனி மாசம், ஒரு திங்கட்கிழமை காலை பூமயில் வந்தாள். உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரம் தோப்பு வைத்திருப்பவள். ஐம்பது வயசு, புருஷன் செத்து நாலு வருஷம். கூடவே அவள் புருஷனின் தம்பி முத்தழகு வந்தான். அவள் வாயைத் திறக்கும் முன்னே அவன் திறந்தான்.

"கூத்தையா எங்க மதினி பாதையைத் திருடிட்டான் பாய்."

"பாதையைத் திருடி எங்கன கொண்டுபோய் வச்சான்?" என்றார் சதக்.

மூலையில் உட்கார்ந்திருந்த வேல்சாமி சிரித்துவிட்டான். வேல்சாமி மாட்டுவண்டிக்காரன். கரி சுடும் மூட்டத்திலிருந்து கரிமூட்டை ஏற்றி உச்சிப்புளிக்குக் கொண்டுபோவது தொழில். நாற்பத்தைந்து வயசு ஆகியும் யாருக்கு எங்கே என்ன தகராறு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவன். அமீனாவுக்கு வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு பவுசு.

"சிரிக்காதீக. எனக்கு உசிரு போற காரியம்," என்றாள் பூமயில்.

அவள் சொன்னது இது. ரோட்டை ஒட்டிக் கூத்தையா நிலம். அதற்குத் தெற்கே கடல்பக்கம் அவள் தோப்பு. தோப்புக்குப் போக வேறு வழி கிடையாது. கூத்தையா நிலத்தின் மேற்கு ஓரமாக, ஓடைக்கரையை ஒட்டி, ஒரு வண்டிப்பாதை. பாதையின் கிழக்கு எல்லைக்கு மூன்று கல். போன ஐப்பசி வரை தேங்காய் லாரி உள்ளே வந்தது, பன்னிரண்டடி அகலம் இருந்தது. இப்போது கல்லை ஒட்டிக் கூத்தையா முள்கம்பி இழுத்துவிட்டான். உள்ளே ஏழடிதான் இருக்கிறது.

"கிணத்துத் தண்ணி உப்பாயிருச்சு பாய். இருநூறு தென்னை. குருத்து கருகுது. போர் போடுற லாரி வர்ற வெள்ளிக்கிழமை வருது. அன்னிக்கு உள்ள நுழையலைன்னா அடுத்து ஆடிக்குத்தான் வருவானாம். ஆடி வரைக்கும் மரம் நிக்காது. தோப்பு போனா நான் எங்கன போவேன்?"

"அந்தக் கூத்தையா பயலை உள்ள தூக்கிப் போடணும்," என்றான் முத்தழகு.

"பத்திரம் இருக்கா?"

பூமயில் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். 1951-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். அவள் மாமனார் முன்பக்க நிலத்தை ஒருத்தருக்கு விற்றபோது எழுதியது. அப்படி வாங்கியவரிடமிருந்து அறுபத்தைந்தில் கூத்தையா வாங்கினான். சதக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"'மூன்று எல்லைக் கற்களுக்கு மேற்கே ஓடைக்கரை வரையுள்ள இடம் தோப்பு வகையறாவுக்கும் அவர்கள் வரச்சொன்னவர்களுக்கும் நடைபாதையாகவும் வண்டிப் பாதையாகவும் என்றென்றைக்கும் பாத்தியம். கிரயம் வாங்கியவர் அதில் தடை ஏதும் செய்யக்கூடாது. தோப்பு வகையறா வருஷா வருஷம் மழைக்கு முன் சரளை அடித்துப் பாதையைச் செப்பனிட வேண்டியது.'" கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை அடின்னு எழுதலை. கல்லைத்தான் எழுதியிருக்கான். கல்லு எங்க நிக்குதோ அதுவரைக்கும்தான் பாதை. சர்க்கார் படத்திலயும் இது தனியா இருக்காது."

"கல்லு நடும்போது நீ இருந்தியா?" என்று முத்தழகைக் கேட்டார்.

"இருந்தேன். பதினொரு வயசு. அண்ணன் மதுரையில படிச்சுக்கிட்டிருந்துச்சு. எங்க அய்யா கூட நான்தான் நின்னேன். ஆனா அளவெல்லாம் எனக்கு எங்க ஞாபகம்?"

மறுநாள் காலை வேல்சாமி வண்டியில் போனார்கள். பூமயிலும் முத்தழகும் பாதை முகப்பில் காத்திருந்தார்கள்.

பாதை கேவலமாகக் கிடந்தது. வண்டித்தடம் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுந்து, குழி முழுக்கக் காய்ந்த சேறு. சரளை போட்ட அடையாளமே இல்லை. மேற்கே ஓடைக்கரையில் ஒரு வரிசைப் பனை. சதக் முதலில் பனைகளின் அடியைத்தான் பார்த்தார். மண் கெட்டியாக மூடியிருந்தது, ஒரு வேர்கூட வெளியே தெரியவில்லை. பிறகு முகப்பில் இருந்த முதல் கல்லுக்கு வந்தார். அங்கே மட்டும் தரை குழியில்லாமல் கெட்டியாக இருந்தது. கல்லின் மேற்கு முகத்தில் குறுக்காக ஒரு பள்ளம், வழவழவென்று தேய்ந்திருந்தது. ரோட்டிலிருந்து திரும்பும் வண்டிகளின் அச்சுமுனை உரசி உரசி விழுந்த பள்ளம். குனிந்து அதில் விரலை வைத்தார். அது அவருடைய கெண்டைக்கால் உயரத்தில் இருந்தது.

"வேலு, உன் வண்டியைக் கல்லுக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்து."

நிறுத்தினான். அச்சுமுனை சதக்கின் தொடைக்கு நேராக நின்றது.

அதற்குள் கம்பிக்கு அந்தப் பக்கம் கூத்தையா வந்துவிட்டான். அறுபது வயசு, முதுகுளத்தூர்க்காரன், கையில் அரிவாள். தேங்காய் வெட்ட எடுத்தது என்று பிறகு சொன்னான். நம்புகிறவன் நம்பட்டும்.

"யாரு, அமீனாவா? எந்தக் கோர்ட்டு அனுப்புச்சு? ரிட்டயர் ஆன மாடு எதுக்கு நுகத்தைத் தேடி வருது?"

"பழக்கதோஷம்," என்றார் சதக். "கல்லை யாரு நகட்டினது கூத்தையா?"

"கல்லு நின்ன இடத்துல நிக்குது. கல்லை ஒட்டி என் கம்பி நிக்குது. ஐப்பசியில லாரி போச்சே, அது என் மண்ணு மேல ஏறிப்போச்சு. போனாப் போகுதுன்னு விட்டேன். இவ புருஷன் செத்து நாலு வருஷம், ஒரு கூடை சரளை போட்டாளா? கேளும். குழியில நிக்கிற தண்ணி பூரா என் கடலைக்குள்ள இறங்குது. ரெண்டு போகம் அழுகிப்போச்சு. பத்திரத்துல பாத்தியம்னு எழுதினது மட்டும்தான் இவ கண்ணுக்குத் தெரியுமாக்கும்?"

"கம்பியைக் கட்டிட்டுக் கடலையப் பேசுறியா?" என்று பூமயில் கத்தினாள். "ஒத்தைப் பொம்பளைன்னுதானே?"

"ஒத்தைப் பொம்பளைன்னா சரளை கசக்குமா?"

சதக் கையை உயர்த்தினார். "மழை விட்ட பிறகு, தை, மாசி ரெண்டு மாசமும் நீ எங்கன இருந்தே?"

"முதுகுளத்தூர்ல. மிளகாப் பழம் எடுப்பு. மாசிக் கடைசியிலதான் வந்தேன். வந்து கம்பி கட்டினேன். போதுமா?"

"இன்னும் ஒண்ணு. இந்தக் கல்லுக்கு அடியில என்ன இருக்கும்?"

கூத்தையா அவரை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன இருக்கும்? மண்ணு இருக்கும். புதையலா இருக்கும்?"

முத்தழகு முன்னால் வந்தான். பெருமூச்சு விட்டான். "பாய், நான் மதினி பக்கம்தான். ஆனா நியாயத்தையும் பேசணும்ல. ஓடை அரிச்சு அரிச்சு மேற்கே பாதையைத் தின்னிருக்கலாம். கல்லு பழைய இடத்துல இருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. எங்க அய்யா கல்லு நடும்போது, குழியில கரியைக் கொட்டி, அதுக்கு மேல ஒரு சாண் மண்ணைப் போட்டு, அதுக்கு மேலதான் கல்லை நிறுத்துனாக. கரி மக்காதுல்ல. கல்லைப் பிடுங்குறவனுக்குக் கரி தெரியாது. தோண்டிப் பார்ப்போம். கரி இல்லைன்னா கூத்தையா திருடன். இருந்தா," பூமயிலைப் பார்த்தான், "இருந்தா நம்ம தலையெழுத்து மதினி."

கடப்பாரை வந்தது. வேல்சாமிதான் தோண்டினான். கல்லைச் சாய்த்து, அடியில் ஒரு சாண் மண்ணை வாரி எறிந்தான். கறுப்பாகக் கரி தெரிந்தது. இரண்டாவது கல்லிலும் கரி. மூன்றாவதிலும்.

கூத்தையா ஒரு கணம் திருதிருவென்று விழித்தான். அப்புறம்தான் சிரித்தான். "ஏலே வேலு, நல்லாத் தோண்டு! என் யோக்கியம் கரியா வெளிய வருது பாரு!"

பூமயில் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முத்தழகு அவளிடம் குனிந்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "பாதை இல்லாத தோப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீக மதினி? யாராச்சும் கேட்டா கொடுத்துட்டு வந்துருங்க."

சதக் ஒரு கரித்துண்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "கல்லை அப்படியே நிறுத்து வேலு. வியாழக்கிழமை காலையில எல்லாரும் இங்கன வாங்க."

திரும்பும் வழியில் வேல்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கூத்தையாதான் பாய். கம்பி அவனோடது, ஆதாயம் அவனுக்கு. முதுகுளத்தூர்ல இருந்து பஸ் ஏறினா மூணு மணி நேரம். ஒரு நாள் வந்து நகட்டிட்டுப் போயிருப்பான்."

"அப்ப கரி?"

"அதுவும் அவன்தான் போட்டிருப்பான்."

"என்ன இருக்கும்னு கேட்டதுக்கு மண்ணுன்னானே? கரியைப் போட்டவன் அதைத் தோண்டச் சொல்லித்தானே துடிப்பான்? சரி, இது என்ன கரி சொல்லு." முடிச்சை அவிழ்த்து நீட்டினார்.

வேல்சாமி தட்டிப் பார்த்தான். கணீரென்றது. உடைத்தான். உள்ளே பளபளத்தது. "நான் தினம் ஏத்துற சரக்கு. சீமைக்கருவைக் கரி. முதல் தரம்."

சதக் தலையை ஆட்டினார். உச்சிப்புளி டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே மஹ்மூது இருந்தான். சவூதியில் பத்து வருஷம் இருந்து திரும்பி, இறால் பண்ணை போடக் கடலோரம் இடம் தேடி அலைகிறவன். அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வியாழக்கிழமை வந்துவிடு என்று மட்டும் வேல்சாமி காதில் விழுந்தது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. கூத்தையா கம்பிக்கு உள்ளே, பூமயில் வெளியே. முத்தழகு பனை நிழலில். மஹ்மூது தன் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நின்றான். எல்லோருக்கும் எல்லோர் மேலும் எரிச்சல்.

"கல்லு நகர்ந்திருக்கு," என்றார் சதக். "முதல் கல்லுல அச்சுமுனை உரசின பள்ளம் இருக்கு. வண்டி அச்சு தொடை உயரம். பள்ளம் கெண்டைக்கால்ல இருக்கு. எந்த மாடும் முழங்கால் போட்டு வண்டி இழுக்காது. கல்லைப் பிடுங்கி முன்னைவிட ஆழமா நட்டிருக்கான் ஒருத்தன்."

"காத்துல மண்ணு ஏறியிருக்கும்," என்றான் முத்தழகு.

"முழங்கை அளவு மண்ணு ஏறினா பனையடியும் புதைஞ்சிருக்கணும். நீ சொன்னாப்புல ஓடை அரிச்சிருந்தா பனைவேரு வெளிய தொங்கணும். ரெண்டும் இல்லை. பனை நின்ன இடத்துல நிக்குது. கல்லுதான் நடந்திருக்கு."

"அப்ப கரி?" என்று கேட்டது பூமயில்.

"கரியும் புதுசு. சீமைக்கருவைக் கரி. ஐம்பத்தொண்ணுல நட்ட கல்லு. வேலு, இந்த ஊருக்குச் சீமைக்கருவை எப்ப வந்துச்சு?"

வேல்சாமி வாயைப் பிளந்தான். "அது அறுபதுக்கு மேலல்ல பாய்! சர்க்கார் விதை தூவினப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். அதுக்கு முன்னாடி இங்கன தேங்காச் சிரட்டைக் கரிதான்."

"முளைக்காத மரத்தை எவன் எரிச்சான்?"

சதக் கூத்தையா பக்கம் திரும்பினார். "பழைய கரி இன்னும் பழைய இடத்துல இருக்கும். பூமயில் சொல்றது பன்னிரண்டடி, இருக்கறது ஏழு. ஒவ்வொரு கல்லுக்கும் அஞ்சடி கிழக்கே தோண்டணும். அது உன் கம்பிக்கு உள்ள. நீ விட்டாத்தான் தோண்ட முடியும்."

"விடமாட்டேன். கோர்ட்டு உத்தரவு கொண்டாரும்."

"கொண்டு வரலாம். ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கல்லை நகட்டினவன் கூத்தையான்னு ஊரு பேசும். உன் வீட்டுல சம்பந்தம் பண்ண வர்றவன் டீக்கடையில அதைத்தான் கேப்பான். தோண்டினா அஞ்சடி போகும், திருடன்ங்கிற பட்டமும் போகும். தோண்டலைன்னா அஞ்சடி இருக்கும், பட்டமும் இருக்கும்."

கூத்தையா ஓடைப் பக்கம் திரும்பினான். காறித் துப்பினான்.

"மாசிக் கடைசியில வந்தப்பவே பார்த்தேன். கல்லு நகர்ந்து கிடந்துச்சு. எவன் செஞ்சான்னு தெரியலை. எனக்கு ஆதாயம். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்? சரளை போடாதவளுக்கு ஆண்டவனே குடுத்த கூலின்னு கம்பியைக் கட்டினேன். ஆனா பிடுங்கினது நான் இல்லை. தோண்டுங்கடா."

வேல்சாமி கம்பிக்குள் குதித்தான். மூன்று இடத்திலும் தோண்டினான். மூன்றிலும் முழங்கை ஆழத்தில் கரி வந்தது. வளைந்து வளைந்து உடைந்த சிரட்டைக் கரி, புல்வேர் ஊடுருவி, தொட்டால் நொறுங்கியது.

"கல்லை மட்டும் பிடுங்கினவன் கண்ணுக்குக் கரி தெரியாதுன்னு சொன்னது யாரு?" என்றார் சதக். "கரி இருக்குன்னே தெரியாதவன் புது இடத்துல எதுக்குக் கரியைப் போடணும்? கூத்தையா நகட்டியிருந்தா வெறும் மண்ணுலதான் நட்டிருப்பான். மஹ்மூதுக்கும் தெரியாது. இந்தம்மா கல்யாணம் ஆகி வந்ததே கல்லு நட்டு இருபது வருஷம் கழிச்சு. அண்ணன்காரன் அப்ப மதுரையில. அய்யா கூட நின்னது ஒரே ஒரு ஆளு."

எல்லோரும் பனைநிழலைப் பார்த்தார்கள்.

"நானா? மதினிக்காக உம்ம வீட்டுக்கு நடந்தது நானு!" என்றான் முத்தழகு.

"கூட வந்தே. கரியைத் தோண்டச் சொன்னதும் நீதான். அது வெளிய வந்தா இந்தம்மா தானா ஓய்ஞ்சுபோவான்னு உன் கணக்கு. பழைய கரியை நீ எடுக்கலை. ஏன்னா அது கூத்தையா நிலத்துக்குள்ள கிடக்கு. இவங்க ரெண்டு பேரும் இருக்கிற இருப்புக்கு அங்கன எவனும் மம்பட்டி போட மாட்டான். இவங்க பகையை நம்பித்தான் நீ நட்டே. மஹ்மூது, தோப்பை உனக்கு முடிச்சுத் தர்றேன்னது யாரு?"

மஹ்மூது தொண்டையைச் செருமினான். "முத்தழகு அண்ணன்தான். பொங்கல் கழிஞ்சு தரகு பேச வந்தாரு. சித்திரைக்குள்ள மதினி தானே கையெழுத்துப் போட்டுரும்னாரு. கல்லு சமாச்சாரம் எனக்குத் தெரியாது, அல்லா மேல சத்தியம்."

"எங்க அய்யா நட்ட கல்லு!" முத்தழகு கத்தினான். "நான் நகட்டினா எவனுக்கு என்ன? அவ ஒருத்தி உக்காந்துக்கிட்டு, புள்ளையா குட்டியா..."

பூமயில் கடப்பாரையை எடுத்தாள். வேல்சாமி பயந்துபோய்த் தள்ளி நின்றான். அவள் அதை முத்தழகு காலடியில் எறிந்தாள்.

"பிடுங்கு. பழைய கரி மேல நடு. மூணையும். இல்லைன்னா இப்பவே போலீசுக்குப் போறேன்."

போலீஸ் என்றதும் அவன் சத்தம் அடங்கியது. சட்டையைக் கழற்றினான். கூத்தையா தானே குறடு எடுத்துவந்து கம்பியை வெட்டிச் சுருட்டினான். சுருட்டிக்கொண்டே சொன்னான்: "பன்னிரண்டடி விட்டுட்டேன். ஆனா சரளை அடிச்ச பிறகுதான் லாரி போகணும்."

"அப்படிச் சொல்ல உனக்குப் பாத்தியம் இல்லை," என்றார் சதக். "அவ சரளை போடலைன்னா நீ கேஸ் போடு, கடலைக்கு நஷ்டம் கேளு. பத்திரத்துல எழுதியிருக்கு, உனக்குக் கிடைக்கும். பாதையை மறிச்சா அவ உன் மேல போடுவா, அவளுக்குக் கிடைக்கும். அவ கடன் வேற, உன் கடன் வேற."

"அஞ்சு லோடு நாளைக்குக் காலையில வந்துரும்," என்றாள் பூமயில், கூத்தையாவைப் பார்க்காமலே. "லாரிக்கு முன்னாடி. யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்."

"வந்தாப் பார்ப்போம்."

மூன்றாவது கல் தோப்பு வாசலில். அதை நட்டு மண்ணை மிதித்து முடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது. முத்தழகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தான். பூமயில் பாதைக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கன போறே?"

"வீட்டுக்கு."

"இது என் தோப்புக்குப் போற பாதை. உன்னை நான் வரச்சொல்லலை. இனிமே சொல்லவும் மாட்டேன்."

அவன் சதக்கைப் பார்த்தான். "பாய், வழியை மறிக்கிறா. இது சட்டமா?"

சதக் பத்திரத்தை மடித்துப் பூமயில் கையில் கொடுத்தார். "தோப்புக்காரருக்கும் அவங்க வரச்சொன்ன ஆளுக்கும்னுதான் எழுதியிருக்கு. நீ பாகம் பிரிக்கையில ரோட்டோரத்து வீட்டை வாங்கிக்கிட்டுத் தோப்பை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தவன். இதுல உன் பேரு இல்லை."

முத்தழகு கிழக்கே திரும்பினான். அங்கே கூத்தையா அரிவாளோடு நின்றான். "என் மண்ணுல காலை வச்சுப் பாரு," என்றான்.

மிச்சம் இருந்தது ஓடைதான். முத்தழகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினான். சேறு முழங்காலுக்கு மேலே வந்தது. கருவைமுள் சட்டையைப் பிடித்து இழுத்தது. மேலே நின்ற ஐந்து பேரில் எவரும் கை கொடுக்கவில்லை.